சுரங்கத்தில் அசையாத எண்

சுரங்கத் தொழிலாளி கெல் பிரானக், கீழே இறங்கும் சரிவுப்பாதையில் குப்புறக் கிடந்தான். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. அவனைத் தூக்கி வந்தவர்கள் கட்டுப்பாட்டு அறைத் திரையைப் பார்த்து உறைந்துபோனார்கள். கீழே விஷவாயு பூஜ்ஜியம் என்றது திரை. காலையில் பாறை உடைக்க வைத்த வெடியின் புகையோ அவர்கள் சட்டையிலேயே நாறியது.

ஆஸ்திரேலியாவின் கல்கூர்லிக்கு வடக்கே இருக்கும் அந்தத் தங்கச் சுரங்கத்துக்குள் இன்னும் மூன்று பேர். ரேடியோவில் பதில் இல்லை. உள்ளே போக வடக்கு, தெற்கு என்று இரண்டு வழி. எதில் புகை குறைவு என்று தெரியாமல் மீட்புக் குழுவை அனுப்ப மேலாளர் பாஸ்கோ பயந்தார்.

திரையைக் கெடுத்தது டார்க்கோவின் வேலைதான் என்றார். போன வாரம் வேலையை விட்டு நீக்கப்பட்டவன், கறுவிக்கொண்டே போனவன். போலீஸைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தார்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ரோண்டா தடுத்தாள். டார்க்கோ போன அன்றே அவன் கடவுச்சொல்லை அவள் முடக்கிவிட்டாள். அதோடு, திரையில் எண் துளிகூட அசையவில்லை. வாயுமானிகளைப் படிக்கும் நிரலைத் தேடினாள். அந்த லினக்ஸ் கணினியில் அது இல்லவே இல்லை. உடைந்த துண்டு ஒன்றுகூட மிச்சமில்லாமல், சுத்தமாக.

மேசை துடைத்திருந்தது. கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. திரையின் மூலையில் எப்போதும் தெரியும் சுரங்க வரைபடம் இல்லை.

நேற்று குழு மாறும் நாள். புதுக் குழு வந்து சேர்ந்த பிறகு புழுதிக்காற்றில் அடுத்த விமானம் வராததால், இந்த அறையில் வேலை முடித்து ஊருக்குப் போக வேண்டிய நெவில் பையோடு வாசலில் நின்றான். புதுக் குழுவோடு இறங்கி இப்போது உள்ளே இருக்கும் மூவரில் ஒருவன் அவன் தம்பி டோபி.

"நெவில், அந்த வரைபடம் எங்க?" என்று ரோண்டா கேட்டாள்.

"அந்தப் பழசா? யாரு பாக்குறா அத. கெளம்பும்போது எல்லாத்தையும் தொடச்சு வச்சிட்டுத்தானே போவோம். கம்ப்யூட்டர்ல இருந்து அதையும் தூக்கிட்டேன்."

"அப்புறம்?"

"இனி தேவைப்படாத மிச்சத்தையும் எடுக்கட்டுமான்னு கேட்டுச்சு. ஆமான்னு தட்டினேன்."

"என்னென்னன்னு படிச்சியா?"

நெவில் பையைக் கீழே வைத்தான்.

ரோண்டா தட்டச்சு செய்துகொண்டே பாஸ்கோவுக்குச் சொன்னாள். நிரல்களை ஏற்றுவதும் நீக்குவதும் பேக்கேஜ் மேனேஜர் என்ற மென்பொருள். எதை ஆட்களே கேட்டு ஏற்றினார்கள், எது இன்னொன்றுக்குத் துணையாக வந்தது என்று அது நினைவு வைத்திருக்கும். வாயுமானி நிரலை யாரும் தனியாகக் கேட்டதில்லை. வரைபடத்துக்குத் துணையாக வந்தது. வரைபடம் போனதும் அதன் கணக்கில் இது வேண்டாத மிச்சம். திரை மட்டும் கடைசியாக வந்த எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. அது வெடிக்கு முந்தைய எண்; அதை நம்பித்தான் அவர்கள் இறங்கினார்கள்.

"டார்க்கோ இல்ல சார். நாம பண்ணின சுத்தம்."

இந்த முறை நிரலை அதன் பெயர் சொல்லியே கேட்டு ஏற்றினாள். எண்கள் நடுங்கி எழுந்தன. வடக்கு வழி முழுக்கச் சிவப்பு. தெற்கில் குறைவு. குழு தெற்கே இறங்கியது.

அறையில் யாரும் உட்காரவில்லை. கடைசியில் ரேடியோ கரகரத்தது.

"மூணு பேரும் கிடைச்சிட்டாங்க. ரெண்டு பேரு பேசுறாங்க."

மூன்றாவது ஆள் டோபியா என்று பாஸ்கோ கேட்கவில்லை. ரோண்டாவும் கேட்கவில்லை. ஒலிவாங்கி நெவிலின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.