பெயர் தராத இயந்திரம்

போடியில் ஏலக்காய் வாசம் நின்றுபோவது நடக்காத காரியம். ஷகீலின் அடுத்த வீடே ஏலக்காய்க் கிட்டங்கிதான். அந்த வாசத்தில்தான் சாப்பிட்டான், தூங்கினான், கம்பெனிக் கூட்டங்களில் விழித்திருப்பதுபோல் நடித்தான். அன்று சாயங்காலம், குரங்கணி மலைப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு இறங்கும்போது மூச்சை இழுத்தவனுக்கு எந்த வாசமுமே வரவில்லை.

சளி என்று நினைத்துக்கொண்டான்.

"ஏங்க, சோலி முடிஞ்சுச்சா? ஆலியா யானை வரையுறா, வந்து பாக்கணுமாம்," என்றாள் முபீனா அடுப்படியிலிருந்து.

"இந்தா வர்றேன்."

மடிக்கணினியின் கறுப்புத் திரையில் 'வழியனுப்பி' ஓடிக்கொண்டிருந்தது. பழுது பார்க்கவேண்டிய சர்வரிலிருந்து நிரல்களைப் பத்திரமாக வெளியேற்றும் கருவி. ஒற்றை வரிக் கட்டளை போதும். ஒவ்வொரு நிரலுக்கும் வேறு சர்வரில் ஒரு நகலை எழுப்பும், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும், அதன்பிறகே இங்கிருக்கும் பழையதை அணைக்கும். ஆட்களை வெளியேற்றும்போது கம்பெனி இவ்வளவு மரியாதை காட்டியதில்லை.

கிட்டங்கியில் காய் சலிக்கும் சரசரப்பும், அதற்குமேல் கேட்ட பெண்களின் சிரிப்பும், தெருமுனையில் லோடு ஜீப்பு ஒன்று திணறிய உறுமலும், யாரோ பொறுமையாகத் திருகிக் குறைப்பதுபோல் ஒவ்வொன்றாக அடங்கின. ஒவ்வொன்று அடங்கியபோதும் திரையில் ஒரு வரி ஏறியது.

'நகல் தயார். இங்கே அணைக்கப்பட்டது.'

கூட வேலை பார்க்கும் விஜயபாண்டிக்குப் போன் போட்டு, வழியனுப்பி ஓடஓட இங்கே ஒவ்வொன்றாக அடங்குவதைச் சொன்னான்.

"மாப்ளே, எந்த சர்வர் பேரைக் குடுத்த?"

ஷகீல் கட்டளையை மேலே தேடிப் பார்த்தான். பெயருக்கான இடம் காலி. "பேரே குடுக்கலடா."

"வெளங்கும்! பேரு இல்லேன்னா, எங்க ஓடுதோ அந்த எடத்தையே காலி பண்ணிரும். வெரசா நிறுத்து..."

பேச்சு அறுந்தது.

நிறுத்தும் விசைகளை அழுத்தினான். வரிகள் நிற்கவில்லை. அடுப்படியில் குக்கர் பாதி விசிலில் ஓய்ந்தது.

'முபீனா: நகல் தயார். இங்கே அணைக்கப்பட்டது.'

'ஆலியா: நகல் தயார். இங்கே அணைக்கப்பட்டது.'

ஓடினான். அடுப்படியில் யாரும் இல்லை. தரையில் தும்பிக்கை இல்லாத யானை. பக்கத்தில் கிரேயான் ஒன்று இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

வாசல் கதவைத் திறந்தான். தெரு இல்லை. இருட்டுகூட இல்லை.

போன் அடித்தது. முபீனா.

"எங்க இருக்க? பிள்ளை எங்க?"

"வீட்லதான். உங்க போனைக் காணோம், அடிச்சுப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க..." அவள் குரல் தயங்கியது. "நீங்க போன்ல பேசுறீங்கன்னா, இங்க பிள்ளையத் தூக்கி வச்சிருக்கது யாரு?"

பின்னால் ஆலியா கலகலவென்று சிரித்தாள். "அத்தா, இன்னொரு தடவ!"

அப்புறம் ஒரு குரல். அவனுடைய குரல்.

"ராங் நம்பரா இருக்கும். வச்சிரு."

தொடர்பு போனது.

திரைக்கு ஓடினான்.

'ஷகீல்: நகல் தயார்.'

அவ்வளவுதான் இருந்தது. நிறுத்தும் விசைகளை நோக்கிக் கையை நீட்டினான். கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. ரத்தம் இல்லை. வலி இல்லை.

வரியின் மீதி வந்துகொண்டிருந்தது. எழுத்தெழுத்தாக. அவசரமே இல்லாமல்.