பூட்டனைத் தேடியவள்

மஸ்கட்டுக்கு மழை அத்தி பூத்தாற்போலத்தான் வரும். வந்தால் வந்த வேகத்தில் ஊரை ஒரு வழி பண்ணாமல் போகாது. அன்று நகரின் ரூவி பகுதிக் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். தலை நனைந்தால் நனையட்டும் என்று, கையிலிருந்த உறையை மட்டும் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு, கௌஸ் முகம்மதுவின் ஜெராக்ஸ் கடைக்குள் ஓடி ஏறினாள் ஷியாமளா. பக்கத்து கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். தாள்களை மேஜையில் பரப்பி ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். நல்லவேளை... பிழைத்தன.

நிமிர்ந்தால், பக்கத்தில் ஒருவன். சைட் வேலைக்காரர்களின் கனத்த பூட்ஸ், நெற்றியில் ஒட்டிய ஈர முடி. கண் இரண்டும் அவள் தாள்களின் மேல்!

"ஹலோ... அடுத்தவங்க பேப்பரைப் படிக்கிறது நல்ல பழக்கமா?"

"படிக்கலைங்க. கண்ணு போயிருச்சு."

"போன கண்ணைத் திருப்பிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன்... வரமாட்டேங்குது. கருவக்குளம்னு போட்டிருக்குல்ல? அது எங்க ஊருக்குப் பக்கத்து ஊருங்க. கமுதிப் பக்கம். இந்த ஊர்ல அந்தப் பேரைப் பார்த்தா எப்படிங்க கண்ணு சும்மா இருக்கும்?"

திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கண்கள்... குறும்பும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. பாழாய்ப்போன கண்கள். திட்ட வேண்டிய வாய் சிரித்துத் தொலைத்தது.

"பேரு வீரபாண்டி. எலக்ட்ரீஷியன்" என்றான் அவன். சொல்லும்போது ஏனோ தரையைப் பார்த்தான்.

மழை விடுகிறவரை அவனிடம் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அப்பாவின் தாத்தா கார்மேகம், முதல் உலகப் போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போனவர். போனவர் போனவர்தான். இறந்த நாள் தெரியாததால் வீட்டில் அவருக்குத் திதி கிடையாது. ஆடி அமாவாசைக்குப் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி. தபால் ஆபீஸில் ரிட்டையரான அப்பாவுக்கு இரண்டு முறை நெஞ்சுவலி வந்ததிலிருந்து இதே புலம்பல்தான். ஒரு தடவையாவது அந்த நாளில் பிண்டம் வைத்துவிட வேண்டும்!

ஷியாமளாவும் எழுதாத இடமில்லை. அந்தக் காலத்து ஜனத்தொகைக் கணக்கைக் கேட்டாள். கருவக்குளத்தில் எத்தனை தலை என்று பதில் வந்தது. எந்தத் தலை யாருடையது என்பதை யாரும் வைத்திருக்கவில்லை. பட்டாள ஆவணங்களைக் கேட்டாள். கருவக்குளத்திலிருந்து கார்மேகம் என்று ஒருவர் சேரவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கடிதம்தான் இப்போது மேஜையில் கிடந்தது.

"அப்ப பூட்டன் பட்டாளத்துக்கே போகலையா?" என்றாள், அழுகை முட்ட.

வீரபாண்டி மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவருக்குத் தம்பி இருந்தாரா?"

"இருந்தார். கோபாலசாமி. அவர் எங்கயும் போகல, ஊர்லயே இருந்து கிழவனாகித்தான் செத்தார். எங்கப்பாவே பார்த்திருக்காங்க."

"கோபாலசாமி பேர்ல தேடுங்க."

"உயிரோட இருந்தவரை செத்தவங்க லிஸ்ட்ல தேடவா? நல்ல ஆளுங்க நீங்க!"

"ஆள் எடுக்க வந்தவங்ககிட்ட தம்பிதான் பேரு குடுத்திருப்பாரு. போற நாள் வந்ததும் ஆத்தா அழுதிருக்கும், பய பயந்து பதுங்கியிருப்பான். பேரு குடுத்துட்டா ஆள் போயாகணும்ல? அண்ணன் போயிருப்பாரு... தம்பி பேர்ல."

"பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்க?"

அவன் சட்டென்று தெருவில் இறங்கினான். மழையும் விட்டிருந்தது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளுக்கு ஒரு தனி ருசி வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு மலையாளத்து டீக்கடை. அவன் டீயை ஆற்றி ஆற்றி நேரம் கடத்துவான். அவள் "இப்படி ஆத்துனா ஐஸ் டீதான்" என்று கேலி செய்வாள். கோபாலசாமி பேரில் அவள் எழுதிப் போட்டதற்குப் பதில் கடிதம் வந்ததா என்று கேட்கத்தான் வருகிறான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கடிதம் மெதுவாகவே வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். என்ன பொண்ணு இவள்!

ஒருநாள் வந்தேவிட்டது. கோபாலசாமி, ஊர் கருவக்குளம். காய்ச்சலில் மரணம். நாள் இருந்தது, வருஷம் இருந்தது, இடமும் இருந்தது... மஸ்கட், ரூவி முகாம்.

இதே ரூவி! பஸ்ராவிலோ எங்கோ என்று வீடே நினைத்திருக்க, அவர் கண் மூடிய மண்ணில்தான் அவள் இத்தனை நாளும் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். ரூவியின் பழைய கோட்டைப் பக்கம் இருவரும் நடந்தே போனார்கள். அங்கேதான் அந்தக் காலத்துப் பட்டாளம் கூடாரம் அடித்திருந்ததாம். ஷியாமளா நின்று அழுதாள். அவன் தொடவில்லை, வெயில் அவள்மேல் படாதபடி தள்ளி நின்றான், அவ்வளவுதான். இவன்தான் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்றான் திரும்பும்போது. "இப்ப வேண்டாம். வர்ற வெள்ளிக்கிழமை."

என்ன சொல்வான்? அந்த வாரம் முழுக்க ரத்தம் எடுக்கும் ஊசியோடு சிரித்துக்கொண்டே நின்ற ஷியாமளாவை நோயாளிகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

புதன்கிழமை கிளினிக் ரிப்போர்ட் ஒன்றை நகலெடுக்கப் போனாள். மெஷினில் அவன் பாஸ்போர்ட். விசா புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போட்டோவைப் பார்க்கும் ஆசையில் எட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கம்தான் விரிந்திருந்தது. மனைவியின் பெயர்... சரசு.

காதில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை டீக்கடை வாசலில் அவன் எழுந்து நின்றான்.

"ஷியாமளா, நான் சொல்ல வந்தது..."

"எதுவும் சொல்ல வேண்டாம். ஊருக்குப் போன் பண்ணி சரசுகிட்ட சொல்லுங்க."

அவன் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வந்தவன், டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த மதுரை மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொன்னாள். "உங்க இஷ்டம்ப்பா..." அந்த மாதமே இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். திதியும் நடந்தது. அப்பா போனில் சந்தோஷத்தில் தழுதழுத்தார். அவளுக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், கௌஸ் முகம்மது கடை வாசலிலேயே அவளை மறித்தார். கீழக்கரைக்காரர். ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பெரியவர்.

"ஏம்மா தங்கச்சி, அந்தப் புள்ளைக்கும் உனக்கும் என்ன? விசா வேணாம், கலாஸ், எல்லாம் முடிஞ்சதுன்னு கேன்சல் பண்ணிட்டு இன்னைக்கு ராத்திரி பிளைட்ல போறான்."

"அவர் பொண்டாட்டிகிட்டதானே போறார்? போகட்டும்."

"பொண்டாட்டியா! யாருக்கு?" கௌஸ் முகம்மது குரலைத் தாழ்த்தினார். "சரசு அவன் மதினிம்மா. வீரபாண்டிங்கிறது அண்ணன்காரன் பேரு. விசா வந்து, போற நேரத்துல அண்ணன் பைக்ல விழுந்து காலை முறிச்சிக்கிட்டான். வந்த விசா வீணாப் போகக்கூடாதுன்னு முகஜாடை ஒத்த தம்பியை அந்தப் பாஸ்போர்ட்டுலயே ஏத்திவிட்டுட்டாங்க. அவன் பேரு சேதுபதி. வெளிய தெரிஞ்சா ஜெயிலு. உன்கிட்ட மட்டும் சொல்லிடப் போறேன்னு அப்ப ஒரு வாரமா என் உசுரை எடுத்தான்... சொல்லலையா?"

பேரு குடுத்துட்டா ஆள் போயாகணும்ல...

அன்றே சொன்னானே! மழையைப் பார்த்துக்கொண்டு தன் கதையைத்தானே சொன்னான்! அண்ணன் பேரில் தம்பி, தம்பி பேரில் அண்ணன். பூட்டன் விஷயத்தில் காகிதத்தை நம்பாதே என்று கற்றுக்கொண்டவள், அவன் விஷயத்தில் காகிதத்தை மட்டும் நம்பினாள். ஐயோ...

டாக்ஸி பிடித்து, சீப் என்ற இடத்திலிருந்த மஸ்கட் விமான நிலையத்துக்கு ஓடினாள். வாசலில் ஒரு போலீஸ்காரர் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசையில் அவன். அவனுக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர்தான். நிஜப் பெயரைச் சொல்லிக் கத்தத்தான் நாக்கு துடித்தது. கத்தினால் அவன் கதி?

"வீரபாண்டி!"

திரும்பினான். தடுப்புக் கம்பியருகே வந்தான்.

"சேதுபதி..." என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். இந்த மண்ணில் அவனை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதே இல்லை.

"பாய் சொன்னாரா?"

"ஆமா."

"நீங்களாவே கண்டுபிடிச்சிருவீங்கன்னு தினமும் நெனைப்பேன்..." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எப்பவோ செத்தவரைத் தேடிக் கண்டுபிடிச்சீங்க. பக்கத்துல உக்காந்து டீ குடிச்சவனைத் தெரியலையேங்க."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஊருக்குப் போயி இந்தப் பேரை அண்ணன்கிட்ட குடுத்துட்டு, என் பேர்ல வந்து உங்கப்பாகிட்ட பொண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான். "இப்பவும் கேக்கலாமா?"

"தட்டு மாத்திட்டாங்க. தையில கல்யாணம். நெஞ்சுவலிக்காரரு வாக்குக் குடுத்துட்டாரு... குடுக்க வச்சது நான்."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். பின்னால் போலீஸ்காரர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவனின் சட்டைக்கையைப் பிடித்தாள் ஷியாமளா. இத்தனை நாளில் அவனை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

"கோவத்துலதான் வாயை மூடச் சொன்னேன்னு நெனைக்காதீங்க. பயம்... 'ஆமா, சரசு என் பொண்டாட்டிதான்'னு உங்க வாயால கேட்டுட்டா செத்துப்போயிருவேன்னு பயம். அவ்வளவு ஆசை வச்சிருந்தேன் உங்க மேல. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சேதுபதி... நான் கேக்கல."

சட்டைக்கையை விட அவளுக்கு மனமில்லை. அவனே மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனான்.