மூக்கு வரை மருந்து

எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்தச் சிறுமி, பள்ளி விட்டதும் நேராக ஆஸ்பத்திரியின் பின்பக்க அறைக்குப் போவாள். அங்கேதான் அம்மாவுக்கு வேலை. சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்ய நிறையத் தூய நீர் வேண்டும். அதைத் தயாரிக்கும் இயந்திரம் அம்மாவின் பொறுப்பு.

அந்தச் சிகிச்சைக்கு வருபவர்களில் மாமாவும் ஒருவர். அம்மாவின் தம்பி.

அன்று அம்மாவின் முகமே சரியில்லை. இயந்திரத்திலிருந்து வரும் நல்ல நீர் பாதியாகக் குறைந்திருந்தது. வடிகட்டியை மாற்றியும் பலனில்லை.

"உள்ள தண்ணியைச் சுத்தம் பண்ற சவ்வுல உப்பு படிஞ்சிருக்கு. வெந்நீர்ப் பாத்திரத்து அடியில வெள்ளையா ஒட்டுமே, அதேதான்" என்றாள் அம்மா. "படியாம இருக்கத்தானே தண்ணியில மருந்து கலக்குறோம்? அப்புறம் எப்படி?"

மூலையில், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியும் வெள்ளை மருந்து கேன். அதிலிருந்து மருந்தை இழுக்கும் சின்ன பம்ப் 'டக் டக்' என்று ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருந்தது.

வெளியே நாற்காலியில் மாமா காத்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தொட்டியில் மிச்சமிருந்த நீர், உள்ளே படுத்திருப்பவர்களுக்கே சரியாகப் போய்விடும். வழக்கமாக வாலுவை வம்புக்கு இழுப்பவர், இன்று தலையை மட்டும் அசைத்தார். வாலுவுக்குப் பயமாக இருந்தது.

அவள் கேன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போன வாரம் அதன்மேல் பேனாவால் ஒரு முகம் வரைந்திருந்தாள். அதற்காக மாமாவிடம் திட்டும் வாங்கினாள். அன்று மருந்து அந்த முகத்தின் மூக்கு வரை இருந்தது. இன்றும் மூக்கு வரைதான்.

"அம்மா, புதுசா மருந்து ஊத்தினியா?"

"இல்லையே."

"அப்ப இந்த பம்பு நம்ம தம்பி மாதிரிதான். 'ம்'னு சொல்லுது, முழுங்கல."

வீட்டில் வாலுவின் குட்டித் தம்பி காய்ச்சல் மருந்தை வாயிலேயே வைத்துக்கொண்டு, குடித்தாயா என்று கேட்டால் 'ம்' என்பான்.

அம்மா சட்டென்று குனிந்து குழாயைப் பார்த்தாள். உள்ளே காற்று அடைத்திருந்தது.

"சத்தம் கேட்குதேன்னு நம்பிட்டேன்" என்றாள்.

காற்றை வெளியேற்றியதும் மருந்து குழாயில் ஏறியது. பிறகு இயந்திரத்தை நிறுத்தி, உப்பைக் கரைக்கும் கரைசலால் சவ்வைக் கழுவினாள். கரைசல் துளியும் மிஞ்சாதபடி நல்ல நீரால் அலசினாள். இருட்டும் நேரத்தில் நீர் பழையபடி வந்தது. அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் மாமாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

எழுந்தவர் வாலுவின் அருகே நின்றார். "கண்ட இடத்துல கிறுக்காதேன்னு திட்டினேன்ல?"

"ஆமா மாமா."

"இனிமே கிறுக்கு."

கொஞ்ச நாளில் அந்தக் கேன் காலியானது. புதுக் கேனில் வரைய வாலு பேனாவோடு போனாள். அதில் ஏற்கெனவே ஒரு முகம் இருந்தது. ஒரு காது மட்டும் ரொம்பப் பெரிது. அம்மாவுக்கு ஒழுங்காக வரையத் தெரியாது.