கஞ்சி முக்கின சிறகு

"எட்டீ சத்தியம்! இஞ்ச வா!... இது சீலையாக்கும்னு நெனச்சியா, கூரைக்குப் போடுற தகரமாக்கும்னு நெனச்சியா?"

செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால் மணிக்கு ஈசாக் போட்ட சத்தத்தில், பாறசாலை நிலையத்தை விட்டுப் புறப்பட்ட ரயிலே கொஞ்சம் தயங்கித்தான் ஊதியது. அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள் சத்தியபாய். மிளகு காயப்போடும் சிமென்ட் முற்றத்தில், சிவப்பும் மஞ்சளுமாகப் பதினோரு மீட்டர் நீளத்துக்குக் கிடந்தது அவள் புருஷனின் பறக்கும் சிறகு. அவர் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார். துணி என்றால் தொங்க வேண்டுமல்லவா? தொங்கவில்லை! பொரித்த பப்படம் போல விறைத்துக்கொண்டு, பக்கத்து மூலையையும் கூட்டிக்கொண்டு எழும்பி நின்றது.

"அழுக்கா இருந்திச்சு... அலசினேன்."

"அலசினா?"

"அலசினா பின்ன கஞ்சி முக்காம எப்பிடி?"

முப்பத்தொரு வருஷமாக ஈசாக்கின் வெள்ளை வேட்டியும், சபைப் பாடகர் குழுவின் அங்கிகளும் சத்தியபாயின் கையால்தான் கஞ்சி கண்டு வருகின்றன. மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, துணியால் வடித்து, ஒரு சொட்டு நீலம் விட்டு அவள் முக்கியெடுத்த அங்கியைக் கழற்றி வைத்தால், உள்ளே ஆள் இல்லாமலே அது நின்று பாட்டுப் பாடும் என்று குருவானவரே சொன்னதுண்டு. அந்தக் கைதான் இப்போது ஈசாக்கின் கனவில் கஞ்சியைக் கொட்டிவிட்டது.

"அய்யோ, எனக்க தம்பிக்க நெஞ்சில தீயைக் கோரிப் போட்டியே!" என்று உள்ளிருந்து வந்தாள் கிருபாபாய். ஈசாக்கின் அக்காள். புருஷன் இறந்து இருபது வருஷமாகத் தம்பி வீட்டில் இருப்பவள். அந்த இருபது வருஷத்தில் சத்தியபாய் வைத்த ஒரு குழம்பையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னவளல்ல. "அவன் பறக்கப்பிடாதுன்னு வேணும்னே செய்தாளாக்கும். எனக்குத் தெரியும்! கஞ்சியாம்... இவளுக்க கள்ளக் கஞ்சி!"

"மைனி, நான் அப்பிடி நெனப்பேனா...?" சத்தியபாயின் கண் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர் வாயையும் அடைத்திருக்கலாம். அந்த வாக்கியத்தை அவள் நேற்று மதியமே விழுங்கிவிட்டாள்.

ஈசாக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. மிளகு, பாக்கு, ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் மலஞ்சரக்கு வியாபாரம். மிளகை ஒரு கடி கடித்தால் ஈரம் இவ்வளவு என்று சொல்வார். விலை பேசும்போது வாயைத் திறக்காமல் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனம் தாங்காமல் எதிராளியே உளறி, விலையைத் தானே இறக்கிவிடுவான். இப்படிப்பட்ட மனிதருக்குப் போன வருஷம் ஒரு ஆசை வந்தது: முதுகில் விசிறி எஞ்சினைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் துணிச் சிறகை விரித்து வானத்தில் பறப்பது. பாராமோட்டார் என்று அதற்குப் பெயர்.

ஆசையைக் குறை சொல்ல முடியாது, ஒழுங்காகத்தான் செய்தார். வர்க்கலையில் உண்ணி என்ற பயிற்சியாளரிடம் இரண்டு மாதம் படித்தார். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் பறக்கும் உயரத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அந்த அனுமதிக் காகிதங்களுக்காக நடந்து செருப்பைத் தேய்த்தார். எஞ்சின் புதிது, ஹெல்மெட் புதிது, சிறகு மடங்கினால் எறிய வேண்டிய அவசரக் குடையும் புதிது. சிறகு மட்டும் பழையது. கொச்சிப் பக்கத்தில் ஒருத்தனிடம் மூன்று மணி நேரம் பேரம் பேசிப் பாதிக்குப் பாதி விலைக்கு முடித்துவிட்டு வந்து, அந்தக் கதையை ஒரு மாதம் ஊருக்குச் சொன்னார். "பழைய சிறகாணெங்கில் பறக்கும் முன்னே என்கிட்ட கொண்டு வரணும் சேட்டா, சோதிக்கணும்" என்று உண்ணி சொன்னதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. "நான் பாத்து எடுத்த சரக்கை இன்னொருத்தன் பாக்கவா?"

அந்த ஆசைக்காகச் சத்தியபாய் பட்டது கொஞ்சமா? ஈரம் தட்டக்கூடாது, எலி கடிக்கக்கூடாது என்று சிறகு அவளுடைய அலமாரியில் ஏறியது. அவளுடைய சேலைகள் பாக்குச் சாக்குக்குப் போயின. அவள் தேங்காயெண்ணெய் அளக்கும் குவளையில் பெட்ரோலுக்கான ஆயில் அளக்கப்பட்டது. விடியற்காலை இளங்காற்றில் முற்றத்தில் அவர் சிறகைத் தூக்கிப் பழகியபோதெல்லாம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "பிடி!" என்றால் பிடித்து, "விடு!" என்றால் விட்டு, இரண்டையும் மாற்றிச் செய்து திட்டு வாங்கியவளும் அவள்தான்.

நேற்று, சேறு பட்டுக் கிடந்த சிறகை அலசும்போது ஒரு குவளை தண்ணீரைத் துணி மேல் ஊற்றினாள். காற்றைப் பிடித்து நிறுத்துகிற துணி தண்ணீரையும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. தேயிலை வடிகட்டியில் ஊற்றியது போல நேரே கீழே போனது! இன்னொரு இடம், இன்னொரு குவளை. அங்கும் அப்படியே. அவள் விரலால் நெருடிப் பார்த்தாள். வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்து செத்த துணி. அவர் ஏமாந்துவிட்டார்...

சொல்லிவிடலாம். ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு மிளகு மூட்டையில் பப்பாளி விதையைக் கலந்து ஒருத்தன் ஈசாக்கை ஏமாற்றினான். எதிர்க்கடை சதாசிவன் அதைச் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஈசாக் மூன்று ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை, சோறு இறங்கவில்லை, மனுஷன் பாதியானார். மறுபடியும் அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால்தான் ஒரு பானை மாவு காய்ச்சினாள். கஞ்சி ஓட்டையை அடைத்தால் நல்லது. அடைக்காவிட்டால், சிறகு கெட்டது என்று தூக்கிப் போடுவார், பழி தன் தலையோடு போகும். இரண்டில் ஒன்று.

மூன்றாவது ஒன்று நடந்தது. ஈசாக் ரப்பர் குழாயை எடுத்து, ஐந்து முறை பீய்ச்சியடித்துக் கஞ்சியைக் கழுவி, நிழலில் உலர்த்தினார். "சனியாழ்ச்ச செங்கல் ஊரு ஏலாவில பறக்கத்தான் போறேன். திங்களாழ்ச்ச நீ உனக்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. துரோகம் செய்யுற கையால எனக்குச் சோறு வேண்டாம்."

சொன்னபடியே மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார். ஓட்டல் புரோட்டா வயிற்றைக் கெடுத்தது. அதையும் சத்தியபாயின் கணக்கிலேயே எழுதினாள் கிருபாபாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சத்தியபாய் மருமகள் ஜீனாவை அடுக்களைக்குள் இழுத்தாள். "மக்கா, அந்த உண்ணிக்கு ஒரு போன் போட்டுத் தா."

விஷயத்தைக் கேட்டதும் போனில் உண்ணி அலறினார். "சேச்சி! செத்த துணியாணெங்கில் மேலே போயிட்டு முன்னாடி போகாது, நேரே கீழே விழும்! சேட்டனை விடாதீங்க! நாளைக்கு வெளுப்பினே, விடியும்போ நான் வாறேன்."

"வந்து சோதிச்சு நிறுத்துங்க. ஆனா ஒண்ணு..." அவள் குரல் உடைந்தது. "துணி பழசுன்னு சொல்லப்பிடாது. சத்தியம் முக்கின கஞ்சியில கெட்டுப்போச்சுன்னு சொல்லணும். எனக்குப் பழி வந்தாப் போவட்டு. அவரு ஏமாந்தாருன்னு மட்டும் நாலு பேருக்க முன்னால வரப்பிடாது."

"மாமி!" என்று ஜீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை. பக்கத்து ஊரான செங்கலின் ஏலா, அறுப்பு முடிந்த வயல்வெளி. கண்ணுக்கெட்டிய வரை மின்கம்பி இல்லை. காற்று, கேட்டு வாங்கியது போல இதமாக இருந்தது. வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர். அவர்களில் முன்வரிசையில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சதாசிவன். கிருபாபாய் தம்பிக்காகப் பிளாஸ்கில் சாயா கொண்டு வந்திருந்தாள். ஈசாக் சிறகை விரித்து, நூல்களைச் சிக்கெடுத்து, இருபத்தேழு கிலோ எஞ்சினை முதுகில் ஏற்றி, கொளுத்துகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். திரும்பினால், சிறகின் நட்டநடுவில் சத்தியபாய் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"எட்டீ, எழும்பு!"

"எழும்ப மாட்டேன்."

"சீலை கசங்கும்டி!"

"கசங்கட்டு. பறக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் பறங்க."

"ஓய் ஈசாக், எஞ்சினுக்கு அம்புட்டுப் பவரு உண்டுமாவே?" என்றார் சதாசிவன். கூட்டம் சிரித்தது.

"பாத்தியளா, பாத்தியளா!" கிருபாபாய் மார்பில் அடித்துக்கொண்டாள். "கஞ்சி முக்கினது போதாதுன்னு கட்டையப் போட்டு இருக்கா! எலே ஈசாக்கு, இவளைத்தானே நீ ராணி மாதிரி வச்சிருந்த..."

ராணியின் சேலைகள் சாக்கில் கிடப்பதை யாரும் சொல்லவில்லை. ஈசாக் மிரட்டினார், கெஞ்சினார், கையைப் பிடித்து இழுக்கக் குனிந்தார். முதுகுச் சுமை முன்னே தள்ள, வயலில் தொப்பென்று முழங்காலிட்டு, பிறகு எழும்ப முடியாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் இருவரும் பேசாமல் அப்படியே இருந்தார்கள். பாலராமபுரம் சந்தியில் மாட்டிக்கொண்ட உண்ணி ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

உண்ணி சின்னக் கருவி ஒன்றைத் துணியில் கவ்வவிட்டார். அதற்குள் இருக்கும் காற்று துணி வழியாகக் கசிந்து தீர எத்தனை நொடி ஆகிறது என்று அது சொல்லும். நல்ல சிறகு என்றால் நூறு நொடிக்கு மேல். "இது... நாலு," என்றார் உண்ணி. இன்னும் மூன்று இடத்தில் வைத்தார். நாலு, மூணு, நாலு. பிறகு சத்தியபாயைப் பார்த்தார். "கஞ்சியாணு காரணம், சேட்டா. கஞ்சியில துணி நசிச்சுப் போச்சு."

"கேட்டியளா!" என்று துள்ளினாள் கிருபாபாய். "கொல்லப் பாத்தாளே, எனக்க தம்பியை!"

சத்தியபாய் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் சிறகின் மேல் சொட்டியது. சொட்டியதெல்லாம் உடனே துணிக்குக் கீழே போனது.

ஈசாக் ஒன்றும் சொல்லவில்லை. உண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நொடி. இருபது நொடி. மிளகு விற்க வந்தவன் போல உண்ணிக்கு வியர்த்தது.

"கஞ்சி துணியை அடைக்கும்," என்றார் ஈசாக் மெதுவாக. "ஓட்டை போடாது."

மறுபடியும் மௌனம். உண்ணி தாங்கவில்லை. "சேட்டா, என்னால கழியில்ல! துணி செத்து நாலஞ்சு வர்ஷமாச்சு. உங்களுக்கு விக்கும்போதே செத்த துணியாணு. சேச்சி தண்ணி ஊத்திப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க. நேத்து போன்ல கரைஞ்சு அழுதாங்க... பழியை அவங்க மேல போடச் சொல்லி... சேட்டன் ஏமாந்தது நாலு பேர் அறியக்கூடாதுன்னு!"

ஈசாக் திரும்பி மனைவியைப் பார்த்தார். "உனக்குத் திங்களாழ்ச்சயே தெரியுமா?"

அவள் தலையசைத்தாள்.

"தெரிஞ்சிருந்துமா இவ்வளவு பேச்சும் கேட்ட? அண்ணன் வீட்டுக்குப் போன்னு சொன்னேனே பிள்ளே..."

"போயிருப்பேன்," என்றாள் சத்தியபாய். "நீங்க உயிரோட இருந்தாப் போதும். ஆனா... பப்பாளிக்குருவுக்குப் பொறவு நீங்க இருந்த இருப்பு... அதை இன்னொரு தடவை பாக்க எனக்குப் பலம் இல்ல."

ஈசாக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, பாறசாலைச் சந்தையில் யாரும் என்றும் கேட்டிராத ஒன்றைச் சத்தமாகச் சொன்னார்.

"எலே சதாசிவா! போனை நல்லாத் தூக்கிப் பிடி. மொகம் தெரியுதா? கேட்டுக்க. மலஞ்சரக்கு ஈசாக்கு ஏமாந்துட்டான்! மூணு மணிக்கூர் பேரம் பேசி, செத்த சீலையைத் தலையில சுமந்துட்டு வந்தான். அதைத் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சவ எனக்க பெண்டாட்டியாக்கும். இன்னைக்கு இவ இதில இருக்கல்லன்னா, நாளைக்கு நீங்கெல்லாம் எனக்க அடக்க ஆராதனையில இருந்திருப்பிய. போய்ச் சந்தை முழுக்கச் சொல்லு!"

சதாசிவன் போனை மெல்லத் தாழ்த்திச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏமாந்தவனே முரசறைகிற செய்தியில் என்ன ருசி இருக்கிறது?

"அய்யோ, என்னத்துக்கு இதெல்லாம் சொல்லுதிய..." என்று விம்மிக்கொண்டு சத்தியபாய் அவரைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடிக்கப் பார்த்தாள் என்பதே சரி; எஞ்சினும் இரும்புக் கூண்டும் போக மனுஷனில் அவளுக்குக் கிடைத்தது ஒரு தோளும் ஹெல்மெட்டும்தான். "ரெண்டு பேரும் அனங்காதீங்க, அசையக்கூடாது!" என்று உண்ணி ஓடி வந்து கொளுத்துகளைக் கழற்றினார். சுமை பின்னால் சரிந்ததும், ஈசாக் இரண்டு கையாலும் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பேர் முன்னிலையில் குழந்தை போல அழுதார்.

கிருபாபாய் கொஞ்ச நேரம் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள். பிறகு மூடி நிறையச் சாயா ஊற்றி, தம்பியைத் தாண்டி நடந்து வந்து, சத்தியபாயிடம் நீட்டினாள். இருபது வருஷத்தில் முதல் தடவை.

"குடி பிள்ளே. ஆறிப்போவும்."

சத்தியபாய் இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தாள். சீனி இல்லை, அவசரத்தில் கிருபாபாய் தன் சர்க்கரை நோய்ச் சாயாவையே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். போதாததற்குத் தேயிலைக் கடுப்பம் ஏறி, கஷாயம் போலக் கசந்தது.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு மைனி," என்றாள் சத்தியபாய், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் ஈசாக். பொய் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.