மாலை 6.40க்கு ஒரு கைரேகை

போன் அடித்தது.

மாடம்மாள் எடுக்கவில்லை. எடுக்கிற நிலையில் அவள் இல்லை.

கரமனை ஆற்றின் படித்துறையில், ஈரம் சொட்டச் சொட்ட, அவள் தம்பி செல்வகணேஷ் மல்லாந்து கிடந்தான்.

முப்பத்து நாலு வயது. டீ மாஸ்டர். பாதி திறந்த கண்கள். பின்மண்டையில் ஒரு காயம்... அதன் ரத்தத்தை ஆறு கழுவிக்கொண்டு போயிருந்தது.

"சேச்சி... போன்!" என்றார் எஸ்.ஐ. அபின். எல்லையோரப் பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் அவர் நாக்கில் ஒரே வண்டியில் ஏறி வரும்.

மாடம்மாள் போனைக் காதில் வைத்தாள். மலையாளத்தில், பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பவளைப் போல உற்சாகமாகப் பேசியது.

'மாற்றுத்திறனாளி பென்ஷன் பயனாளி செல்வகணேஷ், நேற்று மாலை 6.40 மணிக்குக் கைரேகை வைத்து மஸ்டரிங் செய்துள்ளார். பயனாளி உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது. நன்றி!'

உயிருடன்!

மாடம்மாள் குனிந்து தம்பியைப் பார்த்தாள். அவன் வலது கட்டைவிரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"யாரு சேச்சி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்... அப்போதுதான் அந்த அழுகை கேட்டது.

"ஐயோ... செல்வா! என்டெ செல்வா!"

படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான் வினீத். கரமனை சந்திப்பில் 'பாக்யா ஆன்லைன் சேவா' வைத்திருப்பவன். நெற்றியில் சந்தனம். சட்டைப் பையில் நாலு பேனா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த வட்டாரத்தில் அவன்தான் கண்ணும் கையும்.

மாடம்மாள் போனை மடியில் செருகினாள்.

"ராங் நம்பர் சாரே."

அபின் உதட்டைப் பிதுக்கினார். "குடிச்சிட்டு கால் வழுக்கியிருக்கும். இந்த வருஷம் இங்க இது மூணாமத்தெ கேஸ்."

"என் தம்பி குடிக்க மாட்டான் சாரே."

"எல்லா அக்காமாரும் அதுதான் சொல்லும்." வினீத்திடம் திரும்பினார். "நீங்க இவனைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஒரு மாசமாச்சு சாரே! கடைப் பக்கமே வரல்லா." வினீத் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடம்மாள் பக்கம் குனிந்தான். "சேச்சி, டெத் சர்டிபிகேட் எல்லாம் ஞான் பாத்துக்கறேன், கேட்டோ? நீங்க எங்கயும் அலைய வேண்டா. அவசரமும் இல்ல. ஒரு வருஷம் கழிச்சு எடுத்தா மதி, போதும்."

ஒரு வருஷம்!

இரும்புச் சட்டுவம் மட்டும் கையில் இருந்திருந்தால், அந்தச் சந்தனப் பொட்டின் மேலேயே இறக்கியிருப்பாள். கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகளின் ஹாஸ்டலில் தினமும் நூற்றைம்பது தோசை திருப்புகிற கை அது.

"சரி சாரே," என்றாள் மாடம்மாள். "உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா!"

*

"அழுங்கோ. அழுதுட்டே சொல்லுங்கோ," என்றாள் ஜானவி.

வலியசாலைக் கோயில் தெருவில் இருந்தது அவள் வீடு. இலவச சட்ட உதவி வக்கீல். முன்னறை முழுக்க ஃபைல்கள். நடுவில், தொடாத காபி ஆறிக்கொண்டிருந்தது.

மாடம்மாள் அழவில்லை.

"மஸ்டரிங்னா என்னம்மா? பென்ஷன் வாங்குறவங்க, நான் உசிரோட இருக்கேன்னு வருஷத்துக்கு ஒரு தடவை மெஷின்ல ரேகை வைக்கிறது. அப்படித்தானே?"

"ஆமாம். நேத்திக்குத்தான் கடைசி தேதி."

"என் தம்பிக்குத்தான் பென்ஷனே கிடையாதே! ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே தள்ளுபடி ஆயிட்டுன்னு வினீத் சொன்னான்லா? பென்ஷன் இல்லாதவன் எதுக்கும்மா மஸ்டரிங் வைக்கணும்?"

ஜானவி எழுந்து நின்றுவிட்டாள்.

செல்வகணேஷுக்கு மூளையில் மந்தம் ஒன்றும் இல்லை. இருபது மேஜைக்கு யாருக்கு ஸ்ட்ராங், யாருக்கு லைட் என்று மனசிலேயே வைத்திருப்பான். ஆனால் எழுத்து மட்டும் அவன் கண்ணில் நிற்காது. எறும்பு போல ஊரும். 'முட்டாள்' என்று மூன்றாம் வகுப்போடு அனுப்பிவிட்டார்கள். அதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர் இருக்கிறது, 2016ஆம் வருஷத்துச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பும் இருக்கிறது என்று அவனுக்கு முதன்முதலில் சொன்னவள் ஜானவிதான்.

இரண்டு மாதம் முன்பு அவள் நலத்துறை ஆபீசில் ஒரு மனு போட்டாள். 'இவரால் படிக்க முடியாது. ஆகவே இவருடைய விஷயம் எதுவானாலும் இவருடைய அக்காவின் போனில் குரலாகச் சொல்ல வேண்டும். எந்தக் காகிதத்தையும் வாசித்துக் காட்டாமல் இவரிடம் ரேகை வாங்கக் கூடாது.'

உத்தரவு வந்தது. நகல் ஜானவிக்கு. அசல், வினீத் போட்டுக் கொடுத்த பழைய பென்ஷன் விண்ணப்பத்தில் இருந்த முகவரிக்கு... அதாவது, 'பாக்யா ஆன்லைன் சேவா'வுக்கு!

"பிரிச்சே பார்த்திருக்க மாட்டான்," என்றாள் ஜானவி. "படிக்கத் தெரியாதவாளுக்கு வர கடுதாசை எவன் படிப்பான்? குப்பைக்கூடைதான். படிச்சிருந்தா, அந்த போன் உங்களுக்கு வரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்!"

"அந்தப் பென்ஷன் எங்க போச்சு?"

"அவன் கை வெச்சிருக்கிற ஏதோ ஒரு கணக்குக்கு. உங்க தம்பி ஒருத்தர் மட்டும்னு நினைக்கிறேளா?"

மாடம்மாள் எழுந்தாள். "இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்."

"உக்காருங்கோ! இப்போ போனா, 'மெஷினை எவனோ இரவல் வாங்கிண்டு போனான்'னு சொல்லிடுவான். அந்தக் கதவை முதல்ல சாத்தணும். அதுவும் அவன் கையாலேயே." ஜானவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமா?"

"கேட்டதில்ல. என் சேலையைப் பாத்துட்டு மைப்பெட்டியைத் தள்ளுவான். நானும் விரலை வச்சிட்டு வந்துருவேன்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பிக்கு க்ரைம் நாவல் வாசித்துக் காட்டுகிறவள் அவள். முப்பதாவது பக்கத்திலேயே அவன் கொலைகாரனைச் சொல்லிவிடுவான். போன வாரப் புத்தகம் மூலை மடித்தபடி வீட்டில் கிடக்கிறது. இருபத்தெட்டாம் பக்கம்.

*

மூன்றாம் நாள், காலை பதினொரு மணி. போலீஸ் ஸ்டேஷன். வினீத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள்; ஜானவி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அபின் கொட்டாவி விட்டார். "கேஸ் முடிக்கலாம் சேச்சி. பாடி வாங்கியாச்சு. இனி எந்தா?"

"ஒரு பேப்பர் சாரே. என் தம்பி விஷயமா வக்கீலம்மா அடிச்சுக் குடுத்தது. வினீத் சார் ஒரு கையெழுத்துப் போடணும்."

வினீத் கருணையோடு சிரித்தான். அவசரம் அவனுக்கு. கடையில் கூட்டம் நின்றது. ஒரு பேனாவை உருவினான்.

"எவிடெ? இங்கயா?"

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சாரே," என்றாள் மாடம்மாள்.

"மதி சேச்சி. உங்க பேப்பர்ல என்ன இருக்கப் போகுது!"

"இல்ல சாரே. படிச்சிருங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

"இந்த ஊருக்கே படிச்சுக் குடுக்கறவன் ஞான். எனக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

"மூணாவது தடவை சொல்லுதேன் சாரே... படிங்க."

வினீத் அபினைப் பார்த்துக் கண்ணடித்தான். போட்டான். தேதியும் போட்டு, கீழே ரப்பர் ஸ்டாம்பும் குத்தினான்!

மாடம்மாள் காகிதத்தை எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

மலையாளத்தில், தட்டுத் தடங்கல் இல்லாமல், வாசிக்க ஆரம்பித்தாள்!

"'திங்கட்கிழமை முழுவதும் கைரேகை மெஷின் என்னிடம் மட்டுமே இருந்தது. வேறு யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை. என் சொந்த ரேகை இல்லாமல் அது திறக்காது. செல்வகணேஷை நான் ஒரு மாதமாகப் பார்க்கவே இல்லை.'"

வினீத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சேச்சிக்கு... படிக்கத் தெரியுமா?"

"வீட்டுல ஒருத்தனுக்கு வராதுன்னா, இன்னொருத்தி சேத்துப் படிச்சுக்கணும்லா சாரே?"

அபினின் கொட்டாவி காணாமல் போயிருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"நேத்து காலைலயே ஜானவி மேடம் என்கிட்ட வந்தாச்சு வினீத். ஞானும் நலத்துறை ஆபீஸ்ல எழுதி வாங்கியாச்சு. மெஷின் உன்டெ. மெஷினைத் திறந்த ரேகை உன்டெ. திங்கள், 6.40. எடுத்த விரல் செல்வகணேஷோட. எடுத்த இடம்..." விரலால் தட்டினார். "கடை அல்ல. கரமனை படித்துறை!"

"சாரே... அது..."

"ஒரு மாசமா பாக்காத ஆளோட விரல் உனக்கு எங்கயிருந்து கிடைச்சு? தபால்ல வந்துதா?"

நாற்காலி கிறீச்சிட்டது. கதவருகே நின்ற கான்ஸ்டபிள் ஒரு அடி முன்னால் வந்தார்.

வினீத் உடைந்தான்.

"அன்னைக்குத்தான் கடைசி தேதி சாரே! பதினாறு பேர்கிட்ட வாங்கியாச்சு, இவன் மட்டும் பாக்கி. கடைக்கு வரமாட்டேன்னுட்டான். குளிக்க வர்ற நேரம் பாத்து மெஷினை எடுத்துட்டுப் போனேன். புது அப்ளிகேஷன், விரல் வைன்னு சொன்னேன். வெக்கல்லா! 'படிச்சுச் சொல்லு, அப்பதான் வைப்பேன். அது என் உரிமைன்னு வக்கீலம்மா சொல்லிருக்கு'ன்னு நின்னுட்டான். எப்படிப் படிக்கறது? படிச்சா அவன் பென்ஷன்னு தெரிஞ்சிடுமே! கோபத்துல ஒரு தள்ளு... அவ்வளவுதான். கல்லுல மண்டை அடிச்சு... செத்துட்டான் சாரே!"

"அப்புறம்?"

"அப்புறம்தான் விரலை வச்சேன். செத்தவனைத்தான் ஆத்துல விட்டேன். கொல்லணும்னு நினைக்கல்லா! ஆக்ஸிடெண்ட் சாரே... வெறும் ஆக்ஸிடெண்ட்!"

வினீத் ஓரக்கண்ணால் ஜானவியைப் பார்த்தான். ஆக்ஸிடெண்ட் என்றால் ஜெயிலில் பத்து வருஷம் போகும். அல்லது ஏழு. கணக்குப் போடுகிற கண்கள்.

மாடம்மாள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"சாரே, போன வருசம் உங்க கடையில ஒரு பாட்டிக்கு ரேகை விழல. நான் பக்கத்துல நின்னேன். அவங்ககிட்ட என்ன சொன்னிய?"

"எனக்கு... ஓர்மை இல்ல..."

"எனக்கு இருக்கு. 'பயப்படாதீங்க அம்மச்சி. நல்லா தேய்ச்சுட்டு வைங்க. புது மெஷினாக்கும், ரத்தம் ஓடற விரலைத்தான் எடுக்கும். செத்த விரலை எடுக்கவே எடுக்காது'ன்னு சொன்னிய!"

ஜானவி மாடம்மாளின் போனை மேஜை மேல் வைத்து, அதில் தானாகப் பதிவாகியிருந்த அழைப்பைத் தட்டினாள். அந்த உற்சாகக் குரல் மறுபடியும் ஸ்டேஷனில் ஒலித்தது.

'...பயனாளி உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது. நன்றி!'

அபின் இரண்டாவது தாளைப் பிரித்தார். போஸ்ட்மார்ட்டம். "நுரையீரல் நிறைய ஆத்துத் தண்ணி. தண்ணிக்குள்ள போகும்போது மூச்சு இருந்திருக்கு. மெஷினும் அதுதான் சொல்லுது. பச்சை விளக்கு எரிஞ்சதை நீ பாத்தே, அல்லே? உயிரோட இருக்கான்னு தெரிஞ்சும் ஆத்துல விட்டே. தள்ளினது ஆக்ஸிடெண்டா இருக்கலாம்... விட்டது கொலை!"

வினீத்தின் முகத்தில் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

"படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்! அது செல்லாது! சொல்லுங்க மேடம், செல்லாது அல்லே?"

"மூணு தடவை படிங்கோன்னு சொன்னா. மூணு பேர் சாட்சி இருக்கோம்," என்றாள் ஜானவி.

"என் தம்பி கேட்டது ஒரே ஒரு தடவைதான் சாரே," என்றாள் மாடம்மாள். "அதுக்கே நீங்க படிக்கல."

விலங்கு விழுந்தது. கான்ஸ்டபிள் அவனை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, மாடம்மாள் பின்னாலேயே போய்க் கூப்பிட்டாள்.

"சாரே... ஒரு நிமிசம்!"

வினீத் திரும்பினான். கண்ணில் ஏதோ ஒரு நம்பிக்கை.

"வெளியில வருசத்துக்கு ஒரு மஸ்டரிங்தான். ஜெயிலுக்குள்ள காலையும் சாயங்காலமும் தலை எண்ணுவாங்களாம்... ஒரு நாள்கூட விட்டுராம, உசிரோட இருங்க!"