ஆறாவது நிமிடம்

"ஐயோ, அதைக் கவிழ்க்காதீங்க!"

தீவுக் கப்பல்கள் கிளம்பும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கொட்டும் மழையில் டாக்டர் அஸ்ரின் போட்ட கூச்சலுக்கு, அவள் பெட்டியைத் தூக்கிய கப்பல் ஊழியன் திரும்பினான். சட்டையில் ஆசிம் என்று பெயர். நனைந்த இமைகளுக்குள் சிரிக்கும் கண்கள்...

"அரே, பெட்டிக்குள்ள பூனையா மேடம்?"

"கருவி! தலைக்கு ரத்தம் குறையும்போது மூளை அணுக்கள் ஆற்றலை எப்படிச் சமாளிக்குதுன்னு வெளிச்சத்தால அளக்கும். அடிக்கடி மயக்கம் போடுறவங்க இருபது பேர் வேணும். பத்தொன்பது முடிஞ்சது. மீதி ஒருத்தரைத் தேடித்தான் மாயாபந்தர் போறேன்."

அவன் சிரிப்பு சட்டென்று அணைந்தது.

ஏன் என்று கப்பலில் புரிந்தது. குனிந்து நிமிர்ந்தவன் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்மூடி நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒண்ணுமில்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

"கடல்ல விழுந்தா?"

"என் உயிர், என் பாடு!" விறைப்பாக நகர்ந்தான்.

அஸ்ரினா விடுவாள்? இறங்கும்போது தன் மருத்துவ முகாமின் முகவரியை அவன் கையில் திணித்தாள். "ஆராய்ச்சிக்கு வர வேண்டாம். வைத்தியத்துக்காவது வாங்க."

மூன்றாம் நாள் வந்து நின்றான். "ரெண்டுக்கும் வந்திருக்கேன்."

சாயும் கட்டிலில் படுக்க வைத்து, நெற்றியில் கருவிப் பட்டையைக் கட்டினாள். விரல் பட்டதும் அவன் கண்கள் அவளைப் பார்த்தன... இவளுக்குத்தான் மூச்சு தடுமாறியது.

கட்டில் மெல்ல நிமிர்ந்தது. திரையில் ரத்த ஓட்டக் கோடு இறங்கியது. ஆற்றல் கோடு அசையவில்லை.

"பிடிவாதக்கார மூளை" என்று முணுமுணுத்தாள்.

ஆறாவது நிமிடம் அந்தக் கோடும் சரிந்தது. அவன் உதடுகள் வெளுத்தன. பத்து நிமிடம் அளந்தால்தான் கணக்கில் சேரும். இரண்டு வருட உழைப்பு... யோசிக்கவே இல்லை. கட்டிலைச் சட்டென்று தாழ்த்தினாள்.

நிறம் திரும்பியதும் அவன் சீறினான். "ஏன் நிறுத்தினீங்க? நான் தாங்குவேன்!"

"நான் தாங்க மாட்டேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. கன்னம் சுட்டது. ஆனாலும் பார்வையை விலக்கவில்லை அவள்.

ஆசிம் தலையை அவள் பக்கம் திருப்பினான்.

"கேப்டன்கிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன். இதய டாக்டரைப் பார்க்கிறேன். குணமானதும்..." குரல் தழைந்தது. "உங்க வாப்பாவைப் பார்க்க வரலாமா? ஜெட்டியில நீங்க கத்தினப்பவே என் மனசு கவிழ்ந்துடுச்சு, அஸ்ரின்."

அவள் பட்டையை மெல்ல அவிழ்த்தாள்.

"வாங்க... வாப்பாகிட்ட இன்னைக்கே சொல்லி வைக்கிறேன்."