லைனர் பைக்குள் இசக்கி

இப்போதெல்லாம் எவனும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. செத்தவனுக்கு ஒரு துண்டு எடுத்துப் போர்த்தத் தோன்றாது. போனை நீட்டிக்கொண்டு முந்துவான். காலை 6:40க்கு, கங்கைகொண்டான் பக்கத்து மாவுக் குடோனில் கூடி நின்றவர்களைப் பார்த்து அம்மையப்பனுக்கு வாயில் வந்ததெல்லாம் வசவுதான்.

கன்டெய்னருக்குள் பின்மண்டை உடைந்து கிடந்தான் இசக்கி, லோடுமேன்.

அம்மையப்பன் அங்கே மேஸ்திரி. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. போலீஸையும் நம்பமாட்டார், முதலாளியையும் நம்பமாட்டார். நம்பியது லைனர் பையை மட்டும். கன்டெய்னரின் உள்ளளவுக்கே செய்த பெரிய பாலிதீன் பை அது. துருவும் பழைய சரக்கின் நாற்றமும் மாவில் ஏறாமல் காப்பது அதுதான். பொத்தல் விழுந்தால் இருபது டன்னும் பாழ். அதனால் உள்ளே போகிறவன் செருப்பு, மோதிரம், அரைஞாண் சாவி எல்லாம் கழற்றி, வெள்ளைக் காலுறை மாட்டித்தான் ஏறுவான். அப்படி ஏறுகிறவர்கள் மூன்றே பேர்: அவர், இசக்கி, சூப்பர்வைசர் ஐயம்பெருமாள்.

7:25. எஸ்.ஐ. சங்கரி, லாரி டிரைவர் ரிச்சர்டை ஜீப்பில் ஏற்றியிருந்தார். லோடு தாமதமானதற்கு அவன் முந்தின நாள் சாயங்காலம் இசக்கியின் சட்டையைப் பிடித்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். போலீஸ் வெளியே நின்றே படம் எடுத்து முடித்ததும் பையைக் கழற்றி எரித்துவிடலாமா என்று ஐயம்பெருமாள் கேட்டார். பிணம் கிடந்த பையில் மாவு ஏற்ற முடியாதே என்றார். சங்கரி தலையாட்டினார்.

அம்மையப்பன் சுவர் ஆணியிலிருந்து தன் காலுறையை எடுத்தார். பக்கத்தில் இசக்கியின் ஜோடி காய்ந்து கிடந்தது. மூன்றாவது ஜோடி ஈரம்.

உள்ளே ஏறினார். இசக்கியின் காலில் செருப்பு. செருப்பின் அடியில் செம்மண். பையின் தரையிலோ ஒரு பொட்டு மண் இல்லை, ஒரு கீறல் இல்லை. புதுப் பையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். இது கசங்கிக் கிடந்தது. மூக்கை வைத்தார். பூச்சிமருந்து நாற்றம்.

8:10.

"டிரைவரை எறக்கி விடுங்கம்மா."

"எதுக்கு?"

"இசக்கி தானா ஏறல. பதினோரு வருசத்துல அவன் செருப்போட ஏறுனதில்ல. எவனோ தூக்கிட்டு வந்து போட்டிருக்கான். செத்தவன் செருப்புல மண்ணு இருக்கு. தூக்குனவன் தடத்தக் காணோம்."

சங்கரி கன்டெய்னரை எட்டிப் பார்த்தார். "கழட்டிட்டு ஏறியிருக்கான்."

"ஆமா. கொலை செஞ்ச பதட்டத்துல எவன் கழட்டுவான்? இந்த டிரைவர் பூட்ஸோட ஏறுதான்னு நானே நாலு தடவை ஏசியிருக்கேன். பழகுன காலுதான் தன்னால கழட்டும். தன் காலுறையை மாட்டத் தெரிஞ்சவனுக்குப் பொணத்தோட செருப்பு ஞாபகம் வரல. நான் நேத்து முழுக்க முக்கூடல்ல கல்யாண வீட்டுல. நம்பாண்டாம், விசாரிங்க."

ஈரக் காலுறையைத் தூக்கிக் காட்டினார். பின்னல் ஓரத்தில் ரத்தத்தின் பழுப்புக் கோடு போகாமல் நின்றது.

"எட்டு வருசமா தொவைக்காதத நேத்து எதுக்குலே தொவைச்ச, ஐயம்பெருமாளு?"

"வேர்வை அண்ணாச்சி..." என்றவர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மீதியைச் சங்கரி பையப் பைய வாங்கினார். கன்டெய்னரில் இருந்தது, புதுப் பை வாங்கும் காசை மிச்சம்பிடிக்க மாட்டிய, பூச்சிமருந்துத் தூள் ஏற்றி வந்த பழைய பை. மாட்டும்போதே இசக்கி மோப்பம் பிடித்து, மாவு கப்பலேறும் துறைமுகத்தில் சொல்லிவிடுவேன் என்றிருக்கிறான். சாயங்காலம் ஏழு மணிக்குக் கடப்பாறையால் பின்மண்டையில் ஒரே அடி. போலீஸ் வந்தால் பை காட்டிக்கொடுக்கும். உள்ளே பிணம் கிடந்தால், யாரும் காரணம் கேட்காமல் எரிக்கலாம்.

ரிச்சர்ட் ஜீப்பிலிருந்து இறங்கி, தரையில் குந்தி அழுதான்.

பழைய பை சமாச்சாரம் தனக்குத் தெரியவே தெரியாது என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சங்கரி சொன்னார்.

"ஸ்டோர்ல அதே மாதிரி பை இன்னும் பதினாலு கெடக்கும்மா. மொதலாளிக்குத் தெரியாம லாரி வச்சா கொண்டாந்து எறக்குனான்?"

"விசாரிப்போம், பெரியவரே."

அம்மையப்பனுக்கு அந்த அம்மாள் நல்லவளாகத்தான் தெரிந்தாள். ஆனால் ஸ்டோர் சாவி இன்னும் முதலாளி ஆளின் கையில்தான் இருந்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி, துறைமுகத்துப் பஸ் வரும் திசையைப் பார்த்து நடந்தார்.